போ என்றொரு பேர்

இரு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டே எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடும். சென்னியப்பன் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை எட்டரை மணியிலிருந்து அந்தச் சொல்லை உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். இ-க்கு வாயைக் கொஞ்சம் இளிக்க வேண்டும், ரு-வுக்கு நாக்கை மேலே தட்டி உதட்டைக் குவிக்க வேண்டும், இதில் என்ன கஷ்டம், உள்ளே எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது, இரு, இரு வசந்தா, போகாதே, இரு. உள்ளே கேட்பது யாருக்கு வேண்டும். ஒன்பது நாற்பதுக்குக் காங்கயம் வண்டி எதிரே இருக்கிற புளியமர ஸ்டாப்பில் வந்து நிற்கும், அவர் பெண்டாட்டி வசந்தாமணி கையில் பையோடு அதில் ஏறிக் காங்கயத்தில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். ரெண்டு நாளைக்கு என்றுதான் மகளிடம் போனில் சொன்னாள். ரெண்டு நாளைக்குப் போகிறவள் எதற்கு பீரோவின் மேல்தட்டைத் திறக்கிறாள், மேல்தட்டில் இருப்பது குளிர்காலப் போர்வை அல்லவா, இப்போது பங்குனி மாதம் அல்லவா. முப்பத்து மூன்று வருசம் கண்டக்டராக இருந்த மனுசனுக்கு எந்த வண்டி எப்போது வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி லேட்டானால் டிரைவரை ஜாடைமாடையாகத் திட்டியே காலம் தள்ளியவர், இன்று ஒரு டயர் பஞ்சர் ஆகட்டும் சாமி, ஒரே ஒரு டயர், என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின, வாய் வலப்பக்கம் தொங்கிவிட்டது, அறுபத்தொரு வருசம் சேர்த்து வைத்த அத்தனை சொல்லும் போய் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. போ. தண்ணீர் வேண்டும் என்றாலும் போ, சோறு போதும் என்றாலும் போ, பேத்தி பல் முளைத்துச் சிரிக்கிற படத்தை மகள் அனுப்பினால் சந்தோசத்தில் போ, போ, போ. வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பழக்க வருகிற ரெஹானா என்கிற பெண் மட்டும் அசராமல் சொன்னாள், “இப்படி ஆகறது உண்டுப்பா. சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் வெளிய நின்னுடும். மத்ததெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, பயப்படாதீங்க.” அவர் அதைத் தன் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டார். வண்டி நிறைய ஆள் இருக்கிறது, எல்லோரும் இறங்கத் தயாராக நிற்கிறார்கள், படியில் ஒருத்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறான். படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க. எத்தனை லட்சம் முறை கத்தியிருப்பார். அந்தப் போங்கதான் இதுவோ என்னவோ, ங்க மட்டும் உதிர்ந்து போயிருக்கிறது. கொங்குநாட்டு மனுசனுக்குப் பல் உதிர்ந்தால்கூடப் பரவாயில்லை, ங்க உதிரக்கூடாது. பெரிய டாக்டரைப் பார்த்துப் போ என்றார், டாக்டர் சிரித்தார். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த மச்சினனைப் பார்த்துப் போ என்றார், மச்சினன் சிரிக்கவில்லை, பழத்தை வைத்துவிட்டு எழுந்தேவிட்டான்.

கேட்டோரம் போ படுத்திருந்தது. போ என்றால் நாய். அதைச் சொல்லாமல் விட்டால் பாதி புரியாது. செம்மண் நிறம், இடது காதில் யாரோ எப்போதோ கடித்த ஒரு வெட்டு, பதினொரு வயசாகி மூக்குக்கு மேலே நரை தட்டிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் முதுகு தெரியும், மூச்சு ஏறி இறங்குவது தெரியும். இந்த மூன்று மாதத்தில் அவர் பார்த்த பொருள்களில் கண்ணுக்கு வலிக்காமல் இருந்தது அந்த முதுகு ஒன்றுதான். மற்ற முகம் எல்லாவற்றிலும் ஒரு பரிதாபம் பவுடர் மாதிரி அப்பியிருக்கிறது, அதற்கு மட்டும் அவர் பழைய சென்னியப்பன்தான். காலையில் ஒரு கூத்து நடந்தது. வசந்தாமணி இல்லாதபோது அவரைப் பார்த்துக்கொள்ள ஜெயபால் என்று ஒரு ஆள் வந்திருக்கிறார், நல்ல மனுசன், ஆனால் வாய் வராதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, “அய்யா, டீ குடிக்கிறீங்களா” என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறார். அந்த ஜெயபால் கேட்டைத் திறக்கப் போனவர் நாயைப் பார்த்து மிரண்டு, “ச்சூ, போ, போ” என்று துண்டை வீசினார். போ எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர் கைலியில் மூக்கைத் தேய்த்தது. “போ, ஏய் போ” என்றார். அது இன்னும் நெருங்கி, பாசம் தாங்காமல் அவர் காலில் சாய்ந்தே விட்டது. “என்னங்கம்மா இது, போன்னா வருது?” என்று அவர் கத்த, சமையலறையிலிருந்து வசந்தாமணி சலிப்போடு குரல் கொடுத்தாள். “அதுக்குப் பேரே அதானுங். வெரட்டோணும்னா அந்தாண்டன்னு சொல்லுங்.” சென்னியப்பனுக்குப் பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. மீதிப் பாதி வழக்கம்போலச் சும்மா இருந்தது.

யாரும் வைத்த பேர் இல்லை அது, அதுவாக எடுத்துக்கொண்டது. கருக்கம்பாளையம் என்கிற கடைசி ஸ்டாப்பில் வண்டி திரும்புவதற்குப் பத்து நிமிசம் நிற்கும், டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் குட்டியாக ஒன்று வந்து காலடியில் உட்காரும். அவர் ஒரு துண்டு பன்கூடப் போட்டதில்லை, இதை அவர் பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் நினைத்துக்கொண்டார். நாய் என்றால் அவருக்கு ஆகாது, வண்டியில் ஏறும், அசிங்கம் பண்ணும், பயணிகள் திட்டுவார்கள். போ என்றார். நாளைக்கு நாலு நடை, நடைக்குப் பத்துப் போ, ஒரு மாதம். அந்த ஊரில் அதனிடம் ஒருவராவது பேசினார் என்றால் அது இவர்தான், பேசியது அந்த ஒரு சொல்தான். பிறகு ஒருநாள் வண்டியில் ஏறிக்கொண்டு டிரைவரைப் பார்த்து “போலாம் ரைட்” என்று குரல் கொடுத்தார், ரைட் வாயை விட்டு வருவதற்குள் குட்டி படியில் தாவி ஏறிவிட்டது. வண்டியே சிரித்தது. இறக்கிவிட்டார், அடுத்த நடையிலும் அதே கதை. “நீங்கதான கண்டக்டரே பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க, அதும்மேல என்ன தப்பு?” என்றார் டிரைவர். மூன்றாம் நாள் கதவை அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள், அது பின்னாலேயே ஓடி வந்தது. புழுதிக்குள் ஒரு செம்புள்ளி, ஒரு மைல், ரெண்டு மைல், வாய்க்கால் பாலம் தாண்டியும் புள்ளி நிற்கவில்லை. கண்டக்டர் பாஷையில் ரெண்டு விசில் அடித்தால் போ, ஒரு விசில் அடித்தால் நில். அவர் விசிலை வாயில் வைத்து ஒன்றே ஒன்று அடித்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில், நடுக்காட்டில், ஒரு நாய்க்காக வண்டி நின்றது. அது ஏறி, அவர் சீட்டுக்கு அடியில் படுத்து, இரைத்தது, டூட்டி முடிந்ததும் அவர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு விசிலை இப்போது நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது, அடுத்த நிமிசமே சுடவும் செய்கிறது. சுடுவது எதனால் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் மனசு அந்தப் பக்கம் போகாமல் நாயையே சுற்றிக்கொண்டிருந்தது.

வசந்தாமணி அதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் நின்றுகொண்டு போ போ என்று கூப்பிட்டால் விளங்குமா, லட்சுமி வருவாளா, என்பாள். சும்மா நாயி என்பாள். உள்வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம், பதினொரு வருசத்தில் அது ஒருநாளும் தாண்டியதில்லை, மழைக்குக்கூட. மகளைப் பெண் பார்க்க வந்தபோது அவள் சொன்னது பலிக்கப் பார்த்தது. கார் வந்து நின்றது, மாப்பிள்ளை வீட்டு ஒரம்பரை இறங்கியது, நாய் குறுக்கே நிற்கிறதே என்று இவர் பதறிப்போய் “போ, போ, ஏய் போ” என்று கூப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா காரில் திரும்ப ஏறப் போய்விட்டார். அப்புறம் விசயம் தெரிந்து அந்த மனுசன் சிரித்த சிரிப்பில்தான் சம்பந்தமே முடிவானது, இன்றைக்கும் போன் செய்தால் முதலில் “போ சௌக்கியமா இருக்குதுங்களா?” என்றுதான் கேட்பார். அப்படிச் சிரித்த வீடுதான் இது. அந்தச் சொல்தான் இது. மூன்று மாதமாக அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

விழுந்த அன்று காலை ஏழு மணி. கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், குழாய் கையை விட்டு நழுவியது, நழுவியது குழாயா கையா என்று யோசிப்பதற்குள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். கன்னத்தில் ஈரமண். ஒரு எறும்பு கண்ணுக்கு முன்னால் மலை மாதிரி நடந்து போனது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வசந்தா என்று கூப்பிட்டார். போ என்று வந்தது. அவருக்கே பயமாகிவிட்டது, யாரோ தன் வாய்க்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. வசந்தா. போ. கூப்பிட்டது யாரை, வந்தது யார். கேட்டிலிருந்து பறந்து வந்தது அது, முகத்தை நக்கியது, சுற்றிச் சுற்றி ஓடியது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லப் பார்த்தார், போ என்றார். அது பேராகிவிட்ட பிறகு அந்த நாயிடம் முதல்முறையாகப் போ என்பதைப் போ என்கிற அர்த்தத்திலேயே அவசியமாகச் சொன்னார், அது அப்போதும் வந்தது, சனியன், இன்னும் நெருங்கி மார்போடு ஒட்டிக்கொண்டு படுத்தது. போ, போ. அது இன்னும் ஒட்டியது. பிறகு தலையைத் தூக்கி ஊளையிட்டது. அது ஊளையிட்டு அவர் கேட்டதே இல்லை, நாயின் ஊளை சாவுக்கு அறிகுறி என்பார்கள், சரி, வந்துவிட்டது என்று நினைத்தார். மிக்ஸி நின்றது. நாய் ஊளையிட்டால் வாசலில் கிடக்கிற செருப்பைக் குப்புறக் கவிழ்த்துவிட வேண்டும், ஊளை நின்றுவிடும், இது வசந்தாமணியின் அம்மா வீட்டுப் பழக்கம். அவள் கவிழ்க்கத்தான் வந்தாள். வாசலில் அவள் செருப்பு இருந்தது, அவர் செருப்பு இல்லை. இன்னும் செருப்பைக் கழற்றாமல் இந்த மனுசன் கொல்லையில் என்ன பண்றாரு என்று பின்பக்கம் வந்தாள். ஒரு மூடநம்பிக்கையும் ஒரு நாயும் சேர்ந்து ஒரு உயிரைக் காப்பாற்றின. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனமில்லை என்றார் டாக்டர். நான் போகச் சொன்னபோது நீ போயிருந்தால், கண்ணு, எங்கே போய் யாரைத் தேடியிருப்பாய், நீ போகாததால்தான் நான் போகவில்லை. இதை அதனிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. போ என்றுதான் சொல்ல முடியும், சொன்னால் அதற்குப் போதும். அவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் அது அந்தச் செருப்பின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்ததாம், பக்கத்து வீட்டார் வைத்த பாலை எறும்புதான் குடித்ததாம். இப்படிப்பட்ட கடனை மனுசன் எதை வைத்துத் தீர்ப்பான். தீர்க்க வேண்டியதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும், அது இருப்பதே ஒரு சுகம் என்று தோன்றியது அவருக்கு. ஜன்னலுக்கு வெளியே அந்த முதுகு ஏறி இறங்கியது.

“மாத்தரை இந்த டப்பாவுல இருக்குதுங். காலைக்கு ரெண்டு, ராத்திரிக்கு ஒண்ணு” என்று வசந்தாமணி ஜெயபாலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “கஞ்சி ரொம்பச் சூடாக் குடுத்துராதீங், சொல்லத் தெரியாது அவருக்கு.” சொல்லத் தெரியாது. சொல்ல வராது என்பதைச் சொல்லத் தெரியாது என்கிறாள், அதுவும் சரிதான், வாய் வந்த காலத்திலும் தெரியவில்லையே. ரெஹானா எத்தனையோ தடவை அவளிடம் எடுத்துச் சொன்னாள், அம்மா, அது அவர் மனசுல இருந்து வர்ற வார்த்தை இல்லை, மனசு ஒண்ணு நினைக்கும், வாய் இதை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வசந்தாமணி அழுக்குத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள், “எத்தனையோ வார்த்தை இருக்கையில இது மட்டும் எப்படியம்மிணி முந்திக்கிட்டு நின்னுது? உள்ள இருந்ததுதான வெளிய வரும்?” அதற்குப் பதில் சென்னியப்பனுக்குத் தெரியும். இப்போது மனசு அங்கேதான் போய் நின்றது, வேறு வழியில்லாமல்.

இருபத்து நாலு வருசம் ஆகிறது. என்ன சண்டை என்பதுகூட மறந்துவிட்டது, அவளுக்குக் காய்ச்சல், தீபாவளிக்கும் இவர் டூட்டி மாற்றவில்லை, அவள் அண்ணன் ஏதோ சொன்னான், இவர் ஏதோ சொன்னார், கடைசியில் “போ, உங்கண்ணன் ஊட்டுக்கே போ” என்றார். அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தாள். வந்தது யார் வண்டி, இவர் வண்டி. ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் போகிற மாதிரி அவளிடமும் போய்க் காங்கயம் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அவள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். காங்கயத்தில் இறங்கினாள். இறங்கியவள் கீழே நின்று திரும்பிப் பார்த்தாள். அப்போது விசில் அவர் வாயில்தான் இருந்தது. ஒன்று அடித்திருக்கலாம். ரெண்டு அடித்தார். வண்டி கிளம்பியது. ஏழு மாதம் அவர் போய்க் கூப்பிடவில்லை, அதே வழியில் நாளைக்கு நாலு தடவை போய்வந்தும் இறங்கவில்லை. ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பெரிந்துகொண்டிருந்தது, மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டார். வெறும் ரசமும் அப்பளமும். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, நாக்கில் சொல்தான் இல்லை. நாய்க்காக வண்டியை நிறுத்தினார் என்று டிரைவர் வந்து சிரிப்பாகச் சொன்ன அன்று வசந்தாமணி சிரிக்கவில்லை. “நாய்க்கு ஒரு விசில் அடிக்கத் தெரிஞ்சுதுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பதினொரு வருசமாக அவள் அந்த நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடாததற்குக் காரணம் லட்சுமி இல்லை. அவருக்கு அது இப்போதுதான், இந்த நாற்காலியில், தெரிந்தது. கூப்பிடாமலே என் வீட்டுக்கு வந்த ஜீவன் இரண்டு, இரண்டையும் போ என்றேன், இரண்டும் இருந்தன, நான் என்ன புண்ணியம் செய்தேன். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, அதை வீட்டுக்குள் யார் சொல்கிறார்கள், தமிழ்நாட்டில் பெண்டாட்டிக்கு நன்றி சொன்னவன் எவன். சொல்லியிருக்கலாம். நல்ல வாய் இருந்தபோது சும்மாவாவது ஒரு தடவை.

அவள் இட்லியைப் பாலில் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வலப்பக்கம் ஒழுகுவதை விரலால் வழித்துவிட்டு இடப்பக்கமாக ஊட்டினாள். மூன்று மாதமாக இப்படித்தான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது, மலத்தை எடுத்தது எல்லாம் அவள். செய்த ஒவ்வொன்றுக்கும் கூலி மாதிரி ஒரு போ வாங்கிக்கொண்டாள். “என்னயப் பார்த்தாத்தான உங்களுக்குப் பேச்சு முட்டுது” என்றாள், கோபமே இல்லாமல், அதுதான் பயமாக இருந்தது. “நானில்லாட்டி ஒருவேளை சரியாகுமோ என்னமோ. மறுக்கா மறுக்கா அதையே கேக்கறதுக்கு எனக்கும் தெம்பு இல்லைங்.” அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா, தலைகூட இப்போது தெளிவாக ஆடுவதில்லை. அவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். கடிகாரத்தில் ஒன்பது இருபத்தாறு. இரு. இ. ரு. மடத்துக்குளத்தில் ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் வண்டி இறக்கத்தில் ஓடியது, டிரைவர் மிதித்துக்கொண்டே இருந்தார், மிதி உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. அது மாதிரி இருந்தது.

அவள் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு பையோடு வந்து நின்றபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. நெற்றியில் புதுக் குங்குமம். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்பார்கள், பால்காரன்கூட வரனுங் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். வசந்தாமணி அவர் காலைப் பார்த்துக்கொண்டு, “அப்ப நான் போறனுங்” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். இளித்து, நாக்கைத் தட்டி, குவித்து. “போ” என்றார்.

“தெரியுமுங்” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “போய்ட்டுத்தான இருக்கறேன்.”

திரும்பினாள். தூரத்தில் கியர் மாற்றும் சத்தம், அதே வண்டி, பஞ்சர் ஆகாத வண்டி, சரியான நேரம். விசில் ஞாபகம் வந்தது. ஒன்று போதும், இருபத்து நாலு வருசத்துக்கு முன்னால் அடிக்காத அந்த ஒன்று. உதட்டைக் குவித்தார், வலப்பக்கம் ஓட்டை, காற்றும் எச்சிலுமாகப் புஸ்ஸென்று போனது. இன்னொரு தடவை. புஸ். அவள் வாசற்படியில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டாப்பில் பிரேக் கிறீச்சிட்டது. அவருக்கு வேறு ஒன்றும் இல்லை, இருந்த ஒரே சொல்லை எடுத்து, முப்பத்து மூன்று வருசத்துத் தொண்டை முழுவதையும் போட்டு, “போ!” என்று கத்தினார்.

கேட்டோரம் இருந்தது எழுந்தது. ஓடி வந்து, இரண்டு படி ஏறி, பதினொரு வருசமாக நின்ற அதே இடத்தில் ஒரு கணம் நின்றது. அப்புறம் வாசற்படியைத் தாண்டி, வசந்தாமணியின் சேலையை உரசிக்கொண்டு உள்ளே வந்து, செத்துக் கிடந்த அவர் வலது கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது. அது நுழைத்ததால் கை அதன் தலைமேல் இருந்தது. அவர் அழுதுகொண்டு மெதுவாகப் போ என்றார். அது வாலை ஆட்டியது. போ என்றார். இன்னும் நெருங்கி மடியில் ஏறப் பார்த்தது. ஜெயபால் பதறி, “ஏய், அந்தாண்ட” என்று வர, வசந்தாமணி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் சொல்வதையும் அது வருவதையும், மறுபடி அவர் சொல்வதையும் அது வருவதையும்.

“ஏனுங்” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. “மூணு மாசமா என்னையும் இப்படித்தான் கூப்பிட்டீங்களா?”

ஓடுகிற வண்டியில் ஏற வருகிறவர்களுக்கு நீட்டுவது போல அவர் இடது கையை நீட்டினார். “போ” என்றார்.

வெளியே ஹாரன் அடித்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு விசில். வண்டி கிளம்பி, இரண்டாவது கியர், மூன்றாவது கியர், சத்தம் தேய்ந்து போனது. வசந்தாமணி போட்ட ஒரு செருப்பையும் கழற்றினாள். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். “வந்துட்டனுங்” என்றாள். “வந்துட்டனுங். கத்தாதீங்க.” அவர் இன்னும் இரண்டு போ சொன்னார், நன்றி என்று ஒன்று, வா என்று ஒன்று, அவளுக்கு இரண்டும் புரிந்த மாதிரி இருந்தது.

ஜெயபால் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “அப்ப நான் போலாமுங்களாம்மா?” என்றார் கடைசியில். பேரைக் கேட்ட நாய் சடாரென்று அவர் கைக்கு அடியிலிருந்து எழுந்து அவரை நோக்கி வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பியது. வசந்தாமணிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணும் புழுதியுமாக நடு ஹாலில் அது பதித்திருந்த காலடிகளைப் பார்த்தாள். பிறகு, பதினொரு வருசத்தில் முதல்முறையாக, அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“போ” என்றாள். “எங்கயும் போகவேண்டாம். இங்கயே இரு.”

அது திரும்பி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதில் சென்னியப்பனுக்குக் குறை ஒன்றும் இல்லை.